முந்தின கையெழுத்து

நூலகத்தில் டிரில்லிங் மிஷின் இரவல் கொடுக்கிறார்கள் என்றதும் தென்காசியில் சிரிக்காத ஆள் இல்லை. சிரித்தவர்களே முதல் வாரத்தில் வரிசையில் வந்து நின்றார்கள். ஓசி என்றால் நம் ஆட்களுக்கு வெட்கமெல்லாம் வாசலில் செருப்போடு நின்றுவிடும்.

யோசனை நூலகர் வேல்விழியுடையது. வருஷத்துக்கு இரண்டு ஓட்டை போட வீட்டுக்கு ஒரு மிஷின் எதற்கு, புத்தகம் மாதிரி எடுத்துப் போய்த் திருப்பித் தரட்டுமே என்று வாசகர் வட்டக் கூட்டத்தில் சொன்னாள். பழைய பீரோ ஒன்று காலி செய்யப்பட்டது. ஏணி, ரம்பம், ஸ்பேனர் செட், மருந்தடிக்கிற ஸ்பிரேயர் என்று ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். டிரில்லிங் மிஷின் கொடுத்தவர் வட்டத் தலைவர் தில்லைநாயகம். குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருப்பவர். ‘உபயம்’ என்று ஆரம்பித்துத் தன் பெயர், அப்பா பெயர், லாட்ஜ் பெயர் எல்லாவற்றையும் மிஷின் உடம்பில் மஞ்சள் பெயின்டால் எழுதித்தான் கொடுத்தார். கைப்பிடி மட்டும் தப்பியது.

பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு. பொருளுக்கு ஒரு பக்கம். தேதி, பெயர், தெரு, கையெழுத்து. தெரு என்கிற கட்டத்தைப் போட்டதும் வேல்விழிதான். திருப்பித் தராதவர்களைத் தேடிப் போக வேண்டுமே என்று போட்டாள். நம்மூரில் தெருவைக் கேட்டால் வேறு எதைக் கேட்டதாக அர்த்தம் என்பது, இருபது வருஷமாக இங்கேயே சம்பளம் வாங்குகிறவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தச் சமயத்தில் தோன்றவில்லை.

செல்லப்பா குற்றாலம் அருவிக்கரையில் ஒப்பந்தத் துப்புரவு வேலை பார்க்கிறவர். சீசன் முழுக்க, குளிக்க வந்த கனவான்கள் கழற்றி எறிந்த ஜட்டியையும், ஷாம்பு பாக்கெட்டையும், பிரியாணி எலும்பையும், உடைத்துப் போட்ட பாட்டிலையும் குனிந்து குனிந்து பொறுக்குவார். அவர் மகள் கிறிஸ்டி, சர்க்கார் வேலைப் பரீட்சைக்குத் தினமும் நூலகத்தில் உட்கார்ந்து படிப்பவள். மகளோடு சேர்ந்து அவரும் உறுப்பினர் ஆகியிருந்தார். வீட்டுக் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வைக்கச் சுவரில் ஓட்டை போட வேண்டும் என்று மிஷினை எடுத்துப் போனார். அதுவரை மகள் குளிக்கும்போதெல்லாம் அம்மாக்காரி வெளியே காவல் நின்றிருக்கிறாள். மறுநாள் காலையிலேயே மிஷினைத் துவைத்த துண்டில் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அந்த மிஷினை யாரும் எடுக்கவில்லை.

கேட்டு வராமல் இல்லை. வருவார்கள், நோட்டைப் புரட்டுவார்கள், கடைசிப் பெயர் வரைக்கும் விரலை ஓட்டுவார்கள். பக்கத்தில் இருக்கிற தெருவைப் பார்ப்பார்கள். நோட்டு மூடிக்கொள்ளும்.

“வேற மிஷின் இல்லையா மேடம்?” என்றாள் ஒரு டீச்சர்.

“இதுக்கு என்ன?”

“இல்ல... இது சீக்கிரமா சூடாகும்னு சொல்லுதாங்க.”

மிஷினா சூடாகிறது என்று கேட்க வேல்விழிக்கு நாக்கு துடித்தது. அந்த டீச்சரம்மாள் போன மாதம் ஏணியை எடுத்துப் போய், சாணி அப்பித் திருப்பித் தந்தவள். அதே ஏணியை அடுத்த நாள் இன்னொருவர் முகம் சுளிக்காமல் தோளில் தூக்கிப் போனார். சாணி பரவாயில்லை. ஒரு மனுஷனின் கைதான் பெரிய அசிங்கம். எத்தனை படித்த மூஞ்சிகள்! அவர்களிடமிருந்து புத்தகத்தை வாங்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தில்லைநாயகமே பேச்சை எடுத்தார்.

“வெளிப்படையாச் சொல்லக்கூடாது, இருந்தாலும் சொல்லுதேன். தப்பா நினைக்காதிய. செல்லப்பா நல்ல மனுசந்தான். எங்க லாட்ஜுல அடைப்பு எடுக்கவே அவந்தான் வாரான். அதனாலதான் சொல்லுதேன். அவங்க ஆளுகளுக்குன்னு தனியா ஒரு செட் நானே வாங்கித் தாரேன். அங்கன வெளி வராந்தாவுல வச்சிருவோம். அவங்களுக்கும் கௌரவமா இருக்கும்லா?”

கௌரவம்! வேல்விழி பேனாவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். சுற்றி உட்கார்ந்திருந்த ஆறு பேரும், தரையில் ஏதோ எழுதியிருக்கிற மாதிரி குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள்.

“அப்படியே எழுதிக் குடுங்க சார். தீர்மானமாப் போட்டுக் கலெக்டர் ஆபீசுக்கு ஒரு நகல் அனுப்புதேன்.”

“எழுத்து எதுக்கு? நல்லது சொன்னா கேக்க மாட்டேங்கிய. அப்படின்னா என் மிஷின் இங்கன சும்மா கிடந்து என்ன பிரயோசனம்? நானே எடுத்துக்கிடுதேன். மத்தவங்களும் அவங்கவங்க சாமானைக் கேப்பாங்க. உங்க பீரோ காலியாயிரும், பாத்துக்கிடுங்க.”

காலியாகத்தான் ஆகும் என்று அவளுக்கும் தெரிந்தது. விட்டுக் கொடுத்தால் செல்லப்பாவுக்கு வராந்தா. கொடுக்காவிட்டால் ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லை. எழுந்து போய் பீரோவைத் திறந்தாள். மிஷினைக் கொண்டுவந்து, கைப்பிடி அவர் பக்கம் இருக்கும்படி மேஜையில் வைத்தாள்.

“எடுத்துட்டுப் போங்க சார்.”

தில்லைநாயகம் மிஷினைப் பார்த்தார். கை மடியிலிருந்து எழும்பியது. பாதி வழியில் திசை மாறி மூக்குக் கண்ணாடியைச் சரி செய்தது. பிறகு மடிக்கே திரும்பிப் போய்விட்டது. தன் பெயரும் தன்னைப் பெற்றவர் பெயரும் எழுதியிருக்கிற பொருளை அந்த மனுஷனால் தொட முடியவில்லை.

“இருக்கட்டும். குடுத்தது குடுத்ததுதான்” என்று எழுந்து போனார்.

சிரிப்பதா காறித் துப்புவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் ஜெயித்தாகிவிட்டது. கிறிஸ்டியைக் கூப்பிட்டு, “அப்பாவுக்கு மிஷின் வேணும்னா தயங்காம வரச் சொல்லு” என்றாள். சனிக்கிழமை செல்லப்பா வந்தார். மகளின் புத்தகங்களுக்குச் சுவரில் பலகை அடிக்க வேண்டுமாம். மற்றவர்கள் காதில் விழட்டும் என்றே, “கையெழுத்துப் போடுங்க அண்ணாச்சி” என்று உரக்கச் சொன்னாள். அன்று முழுக்க அவளுக்குத் தன்னை ரொம்பப் பிடித்திருந்தது.

திங்கட்கிழமை காலை மிஷின் திரும்பி வந்தது. அதே துவைத்த துண்டு. சுண்ணாம்புத் தூசி ஒரு பொட்டு இல்லை. புதுசு மாதிரி இருந்தது. வேல்விழி வாங்கி மேஜையில் வைத்தாள், நோட்டில் தேதி போட்டாள். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து, கொரோனா காலத்திலிருந்து கிடந்த சானிடைசரை ஒரு துணியில் தெளித்தாள். கைப்பிடியை இரண்டு தரம் துடைத்தாள். கைப்பிடியை மட்டும்.

நிமிர்ந்தபோது செல்லப்பா அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாருக்கும் இப்படித்தான் தொடைப்பியளா மேடம்?”

குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“ஆமா அண்ணாச்சி. எல்லாருக்கும்தான்.”

“நல்லது” என்றவர், மகள் வரும் வரை இருப்போம் என்று பேப்பர் மேஜையில் போய் உட்கார்ந்தார்.

வேல்விழிக்கு உடம்பெல்லாம் கூசியது. மூன்று வாரமாக ஊரைத் திட்டித் தீர்த்த வாய் இதுதானே. கை எப்போது அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது? தில்லைநாயகத்தின் கையாவது பாதி வழியில் திரும்பிவிட்டது.

அந்த நேரம் பார்த்து, ஓய்வு பெற்ற பேங்க்காரர் ஒருவர் ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தார். செல்லப்பா பேப்பருக்கு மேலாக இந்தப் பக்கம் பார்த்தார். வேறு வழியில்லை. வேல்விழி துணியோடு எழுந்து போய் ஏணியின் முதல் படியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

“என்ன மேடம், இது புதுப் பழக்கமால்லா இருக்கு?” என்றார் பேங்க்காரர். அவருக்குக் கொஞ்சம் காது மந்தம், எப்போதுமே சத்தமாகத்தான் பேசுவார்.

நூலகத்தில் வேறு சத்தம் இல்லை. செல்லப்பா பேப்பரை மடித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளி வராந்தாவில் போய் நின்றார்.