கினிகத்தேனை வரைக்கும்

ஹட்டனிலிருந்து கண்டிக்குப் போகும் காலை பஸ்ஸில், சக்கரத்துக்கு மேலே இருந்த சீட்டில் இக்னேசியஸ் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு கொப்பி. அதில் ‘ஏழு பத்து, ஹட்டன், மழை இல்லை’ என்று எழுதினான். இல்லாத மழையை எழுதத்தான் வேண்டுமா என்று யோசித்துவிட்டு, அடிக்காமல் விட்டான். பிறந்த தோட்டத்தை ஒரேயடியாக விட்டுப் போகிறான். சந்தோஷமோ துக்கமோ வரும் என்று காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை.

இரண்டு வருடம் ஹட்டனில் மாலை இங்கிலீஷ் வகுப்புக்குப் போனதில் கண்டியில் ஒரு இரும்புக் கடையில் எழுத்து வேலை கிடைத்திருந்தது. நாளைக் காலை ஒன்பது மணிக்குக் கடையில் நிற்க வேண்டும். தோட்டத்திலிருந்து ஓடி வந்தவன் இல்லை என்று காட்டப் பத்துச்சீட்டும் கொண்டுவர வேண்டும் என்று முதலாளி எழுதியிருந்தார். தோட்டத்தை விட்டு விலகுகிறவனுக்கு ஆபீஸில் எழுதிக் கொடுக்கும் தாள் அது. நேற்று சாயங்காலம் வாங்கி, நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தான்.

பக்கத்தில் அம்மாக்கண்ணு என்ற பெண், காலடியில் கூடைக்குள் ஒரு கோழியோடு இருந்தாள். பிள்ளை பெற்றிருக்கும் மகளைப் பார்க்க நாவலப்பிட்டிக்குப் போகிறாளாம்.

“எழுதிக்கிட்டே வர்றீங்களே தம்பி, பஸ்ஸுக்காரன் மேல பெட்டிசனா?”

“இல்லைங்க, சும்மாதான்.”

“அப்ப எங்க கோழியையும் ஒரு வரி எழுதிக்கிடுங்க. நாளைக்கு அது இருக்காது.”

அவன் சிரித்தான். சிரிப்பு முகத்தோடு நின்றுவிட்டது.

வட்டவளை தாண்டியதும் பத்துச்சீட்டை எடுத்தான். கைக்கு வரும் எந்தத் தாளையும் கொப்பியில் பார்த்து எழுதி வைப்பது அவன் வழக்கம். நேற்று ஆபீஸில் அதைப் படிக்கவில்லை. இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறவன் பெரிய கிளாக்கர் முன்னால் விரல் வைத்து எழுத்துக் கூட்டுவதா என்று வெட்கம். இப்போது விரல் வைத்துப் படித்தான். முதல் வரியில் அவன் பேர். இரண்டாவது வரியில் ராசம்மா, தாய், கொழுந்து பறிப்பவர். மூன்றாவது வரியில் ஐவி, தங்கை, வயது பன்னிரண்டு. அதன் கீழே, குடும்பம் விலகியது என்று போட்டு, தோட்டத்தை நடத்தும் தொரையின் கையெழுத்து.

மறுபடி முதலிலிருந்து படித்தான். தனக்குத்தான் சரியாகப் படிக்கத் தெரியவில்லையோ என்று மூன்றாவது தடவையும் படித்தான்.

“என்ன தம்பி, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?”

சொன்னான்.

“நீங்க மட்டும்தான் போறேன்னு ஆபீஸ்ல சொன்னீங்களா?”

யோசித்தான். பத்துச்சீட்டு வேணுங்க என்று மட்டும்தான் சொல்லியிருந்தான். அப்பா செத்தபோது அவர்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பராவைத் தன் பேருக்கு மாற்றச் சொல்லி அவனே அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தான். காம்பரா யார் பேரில் இருக்கிறதோ அவன் சீட்டுக் கேட்டால் குடும்பமே கிளம்புகிறது என்றுதான் தோட்டத்தில் அர்த்தம்.

“எங்க கொழுந்தனும் இப்படித்தான் வாங்கிட்டுப் போனாரு,” என்றாள் அம்மாக்கண்ணு. “மறுநா பெரட்டுல எங்க ஓரகத்தி பேரக் கூப்பிடல. கூடையோட நின்னுகிட்டே இருந்தா. சாயங்காலம் சட்டிபானையெல்லாம் வாசல்ல.”

வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டு காலை ஆறு மணிக்கு. கண்டியிலிருந்து கடிதம் போட்டால் வந்து சேர இரண்டு நாள். திரும்பிப் போனால் நாளை ஒன்பது மணிக்குக் கடையில் வேறொருவன். இரண்டையும் கொப்பியில் அருகருகே எழுதிப் பார்த்தான். எதுவும் வலிக்கவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

கினிகத்தேனையில் பஸ் நின்றது. அங்கிருந்து ரோட்டு கீழே இறங்குகிறது. தேயிலையும் குளிரும் பின்னால் போய்விடும். அவன் எழுந்து, கூரையிலிருந்த தகரப் பெட்டியை இறக்கச் சொன்னான்.

“டிக்கட் கண்டிக்குத்தானே?” என்றான் கண்டக்டர்.

“இங்கேயே எறங்குறேன்.”

“போங்க தம்பி,” என்றாள் அம்மாக்கண்ணு. “பெட்டிசன் எழுதத் தெரிஞ்சவருதானே.”

ஹட்டனுக்கு ஏறும் பஸ் வர இரண்டு மணி நேரமானது. பெட்டிமேல் உட்கார்ந்து, கீழே போகும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று மணிக்குத் தோட்டத்து ஆபீஸில் சீட்டை நீட்டினான். “அவங்க ரெண்டு பேரையும் மட்டும் தோட்டத்துல திருப்பி எழுதுங்க ஐயா. என் பேரு வேணாம்.”

“ஆம்பளப் பேரு இல்லாத காம்பராவுக்குத் தொரை கையெழுத்து வைப்பாரா?” என்றார் பெரிய கிளாக்கர். “எழுதுனா மூணு பேரு, இல்லன்னா ஒண்ணுமில்ல. ஒனக்கு இங்கிலீசு தெரியுமேன்னுதான் நான் வாசிச்சுக் காட்டல.”

“எழுதுங்க ஐயா.”

வீட்டில் ராசம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். பெட்டியைப் பார்த்தாள், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். ஐவி பள்ளிக்கூடப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பனிக்குள் பெரட்டு. கங்காணி அவன் பேரைக் கூப்பிட்டபோது, “இருக்கேங்க” என்று, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை வாங்கிக்கொண்டான். ஆம்பளைப் பேரெல்லாம் முடிந்தும் அவன் நகரவில்லை.

“என்னடா கண்டித் தொர, மலைக்குப் போக டிக்கட் வேணுமா?” என்றார் கங்காணி.

நாலு பேர் சிரித்தார்கள். இக்னேசியஸ் நின்றுகொண்டே இருந்தான். பொம்பளைப் பேர் ஆரம்பித்தது. ஏழாவதாக ராசம்மா என்றார்கள். அவள் கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டு, “இருக்கேங்க” என்றாள்.

அதைக் கேட்ட பிறகு அவன் மலைக்கு ஏறினான்.