எதிர்வீட்டு முதுகு

எதிர்வீட்டு ஜன்னல் தினமும் காலை ஆறேகாலுக்குச் சாத்தப்படும். ஆறு நாற்பதுக்குத் திறக்கும். வேலை மெனக்கெட்டு இதை நான் கவனித்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் டீ போடும் அடுப்புக்கு நேரெதிரே அந்த ஜன்னல் வந்தது கட்டடம் கட்டியவர் செய்த பிழை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமான புருஷனும் பெண்டாட்டியும் விடிந்ததும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அப்படி என்னதான் செய்வார்கள் என்று மூன்றாம் மாடிக்காரியிடம் ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கையிலிருந்த டீ ஆறிப்போயிற்று.

எதிர்வீட்டுக்காரர் ஸ்கூல் பஸ் டிரைவர். நாலு வருஷமாக வெள்ளை, சந்தனம், வெளிர்சாம்பல் தவிர வேறு நிறத்தில் சட்டை போட்டு நான் பார்த்ததில்லை. தண்ணீர்த் தொட்டி கழுவும் நாளில் மற்ற ஆம்பளைகள் பனியனோடு நிற்பார்கள். இவர் மட்டும் கழுத்துவரை பொத்தான் போட்டபடி குழாயைப் பிடித்துக்கொண்டிருப்பார். அவர் பெண்டாட்டி பேக்கரியில் கேக்குக்குக் கிரீம் பூசுகிறவள். ஒரு கேக்குக்கு எடுத்துவைத்த கிரீமில் இரண்டு கேக்கை மூடிவிடுவாள். கத்தி போன தடம் தெரியாது. புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும், "முதல்ல அந்த அக்கா கையப் பாருங்க" என்பாராம் முதலாளி.

ஜன்னல் ரகசியம் கடைசியில் ஒரு கடிதத்தால் உடைந்தது. அவர்களுக்கு வந்த உறையை யாரோ என் தபால்பெட்டியில் போட்டுவிட்டார்கள். கண்ணாடி போடாமல் அவசரத்தில் பிரித்துவிட்டேன். உள்ளே, தோல் நோய் மாநாட்டுக்கு அழைப்பு. ஆராய்ச்சி செய்கிறவர்கள், வைத்தியம் பார்க்கிறவர்கள், நோயாளிகள் மூன்று தரப்பும் முதல்முறையாக ஒரே அரங்கில் உட்காரப் போகிறார்களாம். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"படிச்சிட்டீங்களாக்கா?" என்றாள்.

"மேலோட்டமா."

"எத்தனை தடவை மேலோட்டமா?"

அதற்குமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று அவளே சொன்னாள். அவருக்கு முதுகில் சொரியாசிஸ். தடித்துச் சிவந்து, செதில் செதிலாக உதிரும். கறுப்புச் சட்டை போட்டால் தோளில் மாவு கொட்டினமாதிரி தெரியும். காலையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அவள் களிம்பு தடவுகிறாள், அவ்வளவுதான். நாலு வருஷமாக நான் வகைவகையாக யோசித்து வைத்திருந்ததெல்லாம் வீணாயிற்று.

"ஒட்டாதுக்கா" என்றாள், நான் கேட்பதற்கு முன்பே.

"தெரியும்" என்றேன், தெரியாமலே. சொன்ன கையோடு அவர் வழக்கமாகச் சாயும் நாற்காலியில் போய்ச் சாய்ந்து உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான காரியங்களில் அதையும் சேர்க்கலாம்.

டிரைவர் போகமாட்டேன் என்றார். "என்னைய வச்சு வேடிக்கை பாப்பாங்க." அவருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா போன் போட்டுக் கெஞ்சினாள். நோயாளியோடு இரண்டு பேர் கூட வரலாம் என்று கடிதத்தில் இருந்தது. இரண்டாவது ஆள் யார் என்று அவர்கள் யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாமே என்று நானே முன்வந்தேன்.

பெரிய அரங்கம். வாசலிலேயே கழுத்தில் பட்டை மாட்டினார்கள். டாக்டர்களுக்கு நீலம், ஆராய்ச்சிக்காரர்களுக்குப் பச்சை, நோயாளிகளுக்கு ஆரஞ்சு, கூட வந்தவர்களுக்கு வெள்ளை. வராந்தா நெடுக மருந்துக் கம்பெனிக் கடைகள், ஈரப்பசை கிரீமைச் சின்ன டியூப்களில் மாதிரிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என் பையில் ஏழு எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். டீக்குப் போனால், பக்கத்தில் நின்ற நீலப்பட்டைக்காரர் என் கழுத்தையே உற்றுப் பார்க்கிறார். "பயப்படாதீங்க. வயசானா வர்ற மரு, அவ்வளவுதான்" என்கிறார். இவரை யார் கேட்டது? என்னைவிட நீளமான மூக்குள்ளவர்கள் முந்நூறு பேரை ஒரே கூரையின் கீழ் அன்றுதான் பார்த்தேன்.

டிரைவருக்கும் கூச்சம் கொஞ்சம் விட்டது. முழங்கையில் செதிலோடு அரைக்கைச் சட்டை போட்டு வந்திருந்த ஒருவரிடம் போய், எந்த சோப்பு, எந்தத் துணி என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தார். அவள் தூரத்திலிருந்தே அதைப் பார்த்துவிட்டு, "பாருங்கக்கா, வாய் இருக்கு" என்றாள்.

மத்தியானம் பேசவந்தவர் வழுக்கைத் தலை ஆராய்ச்சிக்காரர். குரல் பஞ்சுமாதிரி. நல்ல மருந்தும் சிலருக்கு ஏன் வேலை செய்வதில்லை என்பது தலைப்பு. அவர் கண்டுபிடித்த பதில் சுருக்கமானது: மருந்தில் கோளாறில்லை, வாங்கிப்போகிறவர்கள் தடவுவதில்லை. அதற்கு ஆதாரமாக, தோல் ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்த படங்களைத் திரையில் ஒவ்வொன்றாகப் போட்டார். முகம் கிடையாது, பெயர் கிடையாது, முதுகும் காலும் மட்டும்.

மூன்றாவது படம் ஒரு முதுகு. அகலமான முதுகு. இடது தோள்பட்டைக்குக் கீழே சிவப்பாக ஒரு பெரிய திட்டு, கழுத்தும் வாலும் வைத்த வாத்துமாதிரி. அதைச் சுற்றிக் குட்டித் திட்டுகள்.

டிரைவர் என் பக்கம் சாய்ந்து, "பாவம்க்கா, இந்த ஆளுக்கு என்னைவிட மோசம்" என்றார்.

அவள் மடியிலிருந்த கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். படத்துக்குக் கீழே எழுத்துகள் வந்தன. ஆண், வயது 44. நான்கு ஆண்டுச் சிகிச்சை. மாதம் நான்கு டியூப் தீர்ந்திருக்க வேண்டும், தீர்ந்தது ஒன்று. ஒழுங்காகத் தடவுவதில்லை. அடிக்கடி மறந்துவிடுவதாக நோயாளியே ஒப்புக்கொண்டார்.

"அது உங்க முதுகுங்க" என்றாள்.

"என் முதுகா? நீதானே தினமும் குறைஞ்சிருக்கு, குறைஞ்சிருக்குன்னு..."

தன் முதுகைத் தான் பார்த்த மனுஷன் யார்? படம் எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்று டாக்டரம்மாவுக்கு அவர் கையெழுத்துப் போட்டதோடு சரி. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த டாக்டரம்மா திரும்பி இவர்களைப் பார்த்தாள்.

எதிர்வீட்டுக்காரி கையைத் தூக்கினாள். மைக் வந்தது.

"அந்த முதுகு என் வீட்டுக்காரரோடது" என்றாள். முந்நூறு தலையும் திரும்பிற்று. "நாலு வருஷமா தினமும் நான்தான் தடவுறேன். ஒருநாள் விட்டதில்ல. காய்ச்சல்ல கிடந்தப்பகூட எழுந்து தடவிட்டுத்தான் படுத்தேன். ஒழுங்கா தடவுறதில்லன்னு எழுதியிருக்கீங்களே, யாரு வந்து பாத்தீங்க?"

பார்த்த ஆள் அங்கே ஒருத்திதான் இருந்தாள். எழுந்து நின்றேன்.

"நான் பாத்திருக்கேன் சார். ஆறேகாலுக்கு ஜன்னலச் சாத்துவாங்க. ஆறு நாப்பதுக்குத் திறப்பாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் ஏழு மணி."

அரங்கம் சிரித்தது. அவள் என்னைப் பார்த்தாள், வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்கிறேன் என்கிற பார்வை. ஆனால் ஆராய்ச்சிக்காரர் சிரிக்கவில்லை. மேடையை விட்டு இறங்கி எங்கள் வரிசைக்கே வந்துவிட்டார்.

"தினமும் தடவினா, மாசத்துக்கு ஒரே டியூப் எப்படிம்மா போதும்?"

"மெல்லிசா தடவணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. மெல்லிசாத்தான் தடவினேன்."

"எவ்வளவு மெல்லிசா? எனக்குத் தடவிக் காட்டுங்க." சட்டைக் கையை மடக்கி நீட்டினார்.

என் பையிலிருந்து ஒரு டியூப் எடுத்துக் கொடுத்தேன். அவள் ஒரு மிளகளவு பிதுக்கினாள். அவர் மணிக்கட்டில் வைத்து, இரண்டு விரலைச் சேர்த்துச் சாய்த்து, ஒரே இழுப்பு. திருப்பி இன்னொன்று. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கண்ணாடிபோல மின்னிற்று. ஒரு கோடில்லை, ஒரு திப்பியில்லை. கேக்கைப் பூசி முடித்ததும் விளிம்பில் வழிந்ததை வழிப்பதுபோலக் கட்டைவிரலால் ஓரத்தை வழித்தும்விட்டாள். பின்வரிசைக்காரர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"இவ்வளவு அழகா யாரும் எனக்கு மருந்து போட்டதில்ல" என்றார். "ஆனா இதுல மருந்தே இல்லம்மா."

பிறகு டியூபை வாங்கி, அவள் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகைவரை ஒரு கோடு பிதுக்கினார். இவ்வளவு, இரண்டு உள்ளங்கை அகலத்துக்குத்தான் போதும் என்றார். திரையிலுள்ள திட்டுகள் ஆறு உள்ளங்கை இருக்கும். அப்படியானால் ஒரு வேளைக்கு மூன்று விரல்நுனி. அவள் தன் விரலிலிருந்த வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்குப் பேரா மெல்லிசு? எங்க கடைல இத வச்சு ஒரு கேக்கோட பாதிய மூடிருவேன்."

டாக்டரம்மா எழுந்தாள். "நான்தான் மெல்லிசான்னு சொன்னேன். எல்லாருக்கும் அப்படித்தான் சொல்றேன். யாருக்கும் தடவிக் காட்டினதில்ல." நீலப்பட்டைக்காரர்களில் பலர் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்த வரிய எடுத்திருங்க சார்" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

அவர் மேடைக்குப் போய், எல்லோரும் பார்த்திருக்க, 'ஒழுங்காகத் தடவுவதில்லை' என்பதைக் கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்தார். என்ன போடட்டும் என்று கேட்டார். அவள் சொன்னதை அப்படியே அடித்தார்: மனைவி தினமும் மெல்லிசாகத் தடவியிருக்கிறார்.

"மறந்துடுவேன்னு இவரே ஒத்துக்கிட்டதா இருக்கே, அது?" என்று கேட்டார் அவர்.

டிரைவர் எழுந்தார். "அது பொய் சார். நான் சொன்னதுதான். மிச்சமிருந்த டியூபப் பாத்துட்டு, யாரு தடவுறதுன்னு டாக்டரம்மா கேட்டாங்க. இவளத் திட்டப்போறாங்கன்னு நெனச்சேன். நானேதான் தடவிக்கிறேன், அப்பப்ப மறந்துடும்னு சொல்லிட்டேன்."

"உங்க முதுகு உங்க கைக்கு எட்டுமா?"

"எட்டாது."

"அத நாங்க யாருமே கேக்கலையே" என்றார் ஆராய்ச்சிக்காரர். அந்த வரியையும் அழித்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் மூன்று பேர் இருக்கை. நடுவில் நான். இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டபடியால் எல்லாம் என் வழியாகவே போயிற்று.

"அக்கா, கேளுங்க. நாலு வருஷம் ஒருத்தி விடியக்காலம் எழுந்து நிக்கிறா. மறந்துட்டேன்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டாரு."

"அக்கா, நீங்க அவளக் கேளுங்க. குறைஞ்சிருக்குன்னு தினமும் சொன்னது யாரு? எவனோ ஒருத்தன் முதுகுன்னு நெனச்சு நான் பரிதாபப்பட்டேன்."

"வேற என்ன சொல்றதாம்? நாப்பது பிள்ளைங்கள ஏத்திட்டுப் போற மனுஷன் காலைலயே மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டுப் போகணுமா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு நிறுத்தம் கழித்து, என் மடிக்கு மேலாகக் கையை நீட்டி அவள் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவள் கொடுத்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து ஜன்னல் திறக்க ஆறு ஐம்பத்தைந்து ஆயிற்று. முன்பு சத்தமே வராது. இப்போது வந்தது.

"ஜில்லுங்குது. இவ்வளவா போடுவ?"

"மூணு விரல். அசையாதீங்க."

"குறைஞ்சிருக்கா?"

"இல்ல."

இப்படி ஒரு மாசம் 'இல்ல'தான். அப்புறம் ஒருநாள் 'இருக்கு' என்றாள். அவர் நம்பவில்லை. மறுநாளும் இருக்கு, மறுநாளும் நம்பவில்லை. "நீ பழையபடி ஆரம்பிச்சிட்ட" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு என் வீட்டு அழைப்புமணி அடித்தது. பொத்தான் போடாத சட்டையோடு டிரைவர் நின்றார்.

"அக்கா, கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒரு நிமிஷம் வாங்க. இவ சொல்றத நம்ப முடியல. உங்களுக்குத்தான் அடுத்தவங்க மனசுக்காகப் பொய் சொல்ல வராது."

இது பாராட்டா இல்லையா என்று யோசித்துக்கொண்டே போனேன். அந்த ஜன்னலை உள்ளேயிருந்து அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். அங்கிருந்து என் அடுப்பு பளிச்சென்று தெரிகிறது. என்னையும் நாலு வருஷமாக அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

அவர் சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றார். காதுமடல் சிவந்திருந்தது. குனிந்து பார்த்தேன். குட்டித் திட்டுகளில் பாதி வெறும் நிழலாகிவிட்டிருந்தன. இடது தோளுக்குக் கீழே போனேன்.

"வாத்துக்கு வால் இல்ல தம்பி" என்றேன். "கழுத்தும் மெலிஞ்சிருக்கு."

"எந்த வாத்து?"

"உங்களுக்கும் வாத்தாத்தான் தெரிஞ்சதாக்கா?" என்றாள் அவள்.

"நாலு வருஷமா என் முதுகுல வாத்து இருக்கு, எனக்கு யாரும் சொல்லலையா?" என்றார் அவர். சிரிப்பில் தோள் குலுங்கிற்று, வால் போன வாத்தும் கூடவே குலுங்கிற்று. அவள் அதன்மேல் உள்ளங்கையை வைத்து, "அசையாதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது" என்றாள்.

அறை புழுக்கமாக இருந்தது. ஜன்னலைத் திறந்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும்க்கா, இன்னும் தடவல" என்றாள்.

என்னை வெளியே போகச் சொல்கிறாள் என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.