கடல் பக்கத்துச் சன்னல்

பமான்ஸி ஊரில் எள் போட்டால் எள் விழாது. ஒரு பக்கம் விமான ஓடுதளம், மறுபக்கம் கடல், நடுவே சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாம் வீட்டிலிருந்து 'நல்லா இரு' என்று துஆ வரும்.

அதைச் சொல்லித்தான் கொத்தனார் அத்துமானி தன் மனைவி எஷாத்தியை மடக்கினான்.

"தரையில எடமில்ல. வானம் சும்மாதானே கெடக்கு? நம்ம ஹிதாயாவுக்கு மாடியில ஒரு வீடு கட்டிடுவோம்."

எஷாத்திக்குக் கண் கலங்கிவிட்டது. மயோத் தீவில் வீடு என்றால் அது பெண்ணுடையது. தாய்வழி மண்ணில் மகளுக்கு வீடு எழும்பும். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து சேருவான். அத்துமானியும் ஒரு நீலப் பெட்டியோடு வந்தவன்தான். மகளுக்கு நிக்காஹ் பேசியாயிற்று. எஷாத்தியும் மண் சுமந்தாள், மரவள்ளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் ஆக்கி மாடிக்குக் கொண்டு போனாள்.

ஒரு நாள் பக்கத்து வீட்டு மொய்னா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"ஏன்டி, மாடிக்கு யாரு குடி வர்றா?"

"ஹிதாயாதான்."

"அப்ப ஸாயிந்தி யாரு? என் தண்ணித் தொட்டிக்கும் உன் மாடிக்கும் ஒரு முழம். உம்புருஷன் போன்ல கொஞ்சுறாரு. 'உனக்காகச் சன்னலக் கடல் பக்கம் வச்சிருக்கேன் கண்ணு. நிக்காஹ முடிச்சுக் கூட்டியாந்துட்டா, கீழ இருக்கறவ ஊரு முன்னாடி கத்தவா போறா?'ன்னு."

ரகசியம் வைத்துக்கொள்ளக்கூடக் கொஞ்சம் இடம் வேண்டும். பமான்ஸியில் அதுவும் கிடையாது.

எஷாத்தி கத்தவில்லை. அன்று மாலை கணவனுக்கு ஈரப்பலா சுட்டுக் கொடுத்தாள்.

"கதவுக்கு நல்ல மரமாப் போடுங்க. குளியலறைக்கு ஓடு ஒட்டுங்க."

"உனக்கு இவ்ளோ ஆசையா?"

"எம்மண்ணுல எழும்புற வீடாச்சே."

அவன் மண்டியிட்டு ஒவ்வொரு ஓடாக ஒட்டினான். முழங்கால் தோல் உரிந்தது. எண்ணெய் தடவிவிட்டபோது அந்தத் தோலைப் பார்ப்பதே அவளுக்கு இனிப்பாக இருந்தது.

வேலை முடிந்த வெள்ளிக்கிழமை, அவனைக் கேட்காமலே துஆவுக்கு ஊரை அழைத்துவிட்டாள். சந்து நிறைந்து, படிக்கட்டு நிறைந்து, பக்கத்து மொட்டைமாடிகளிலும் ஆட்கள் நின்றார்கள். இமாம் கைகளை உயர்த்துமுன் கேட்டார்:

"யாருக்கான வீடு அத்துமானி? பேரச் சொல்லாம எப்படித் துஆ கேக்கறது?"

அத்துமானி தரையைப் பார்த்து முணுமுணுத்தான்.

"எம்மக ஹிதாயாவுக்கு."

"சத்தமாச் சொல்லுங்க. மொய்னாவுக்குக் காது கேக்காது" என்றாள் எஷாத்தி.

"ஆமாப்பா, நான் செவிடு" என்றாள் மொய்னா. கூட்டம் சிரித்தது.

"எம்மக ஹிதாயாவுக்கு!"

ஆமீன் என்ற சத்தம் நான்கு தெரு தாண்டிப் போயிற்று. எஷாத்தி சாவியை மகள் கையில் வைத்தாள்.

கூட்டம் கலைந்து அத்துமானி இறங்கி வந்தபோது, அவனுடைய நீலப் பெட்டி வாசலுக்கு வெளியே இருந்தது. இத்தனை வருடம் 'நீங்க' என்று அழைத்தவள், கதவு நிலையில் கை வைத்து நின்றாள்.

"கிளம்பு."

"என்ன பேச்சு இது, எஷாத்தி?"

"ஸாயிந்தி வீட்டுக்குப் போ."

அவன் முகம் செத்தது. "அங்க மூணு பேருக்கு ஒரு பாய். அவங்கம்மா என்னைச் சேக்க மாட்டா. நான் எங்க போய்ப் படுக்கறது?"

"தரையில எடமில்லன்னு சொன்னவனே நீதான். கல்யாணமாகாத பயலுக குடிசை ஓடுதளத்து வேலியோரம் இருக்கு. கெஞ்சிப் பாரு, ஒதுங்கிப் படுப்பானுங்க."

சந்து முழுக்கச் சன்னல்கள். ஒன்றுகூடச் சாத்தப்படவில்லை. அவன் பெட்டியைத் தூக்கினான்.

மேலிருந்து ஹிதாயாவின் குரல் வந்தது. "அம்மா, இந்தச் சன்னல்ல என்னமா காத்து வருது!"

எஷாத்தி நிமிர்ந்து, சந்து முனைவரை கேட்கும்படி சொன்னாள்:

"வராம என்ன? உங்கப்பா பாத்துப் பாத்து வச்ச சன்னலாச்சே."