ஆள் இருக்கும் வீடு

மணல்மேட்டில் இரண்டு பேர் ஏறி வருவதைப் பார்த்ததும் அக்கா கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை வாரிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அடுப்பில் இருந்த பாத்திரத்தையும் இறக்கி அங்கேயே ஒளித்துவைத்து, விரிப்பைத் தரை வரைக்கும் இழுத்துவிட்டாள். பிறகு வெளியே போகப் போடும் செருப்பை மாட்டி, கைப்பையைத் தோளில் தொங்கவிட்டு, அப்போதுதான் வந்து இறங்கியவள்போல வாசலில் போய் நின்றாள்.

இந்த வேஷம் அவளுக்கு நன்றாகப் பழகியிருந்தது. கடற்கரையில் நடக்க வருகிறவர்கள் யாராவது நின்று பேச்சுக் கொடுத்தால், சும்மா வீட்டைத் திறந்து காற்றாட விட வந்ததாகவும், சாயங்காலம் தம்பி காரில் வந்து கூட்டிப்போய்விடுவான் என்றும் சொல்வாள். ஆஸ்பத்திரியில் கட்டில் விரிப்புகளுக்கு ஓரம் தைத்தே தலை நரைத்தவள். அந்தச் சம்பளத்தில் தம்பிக்குக் கடை வைத்துக் கொடுத்தவள். அப்படிப்பட்டவளைச் சுவர் உப்புப் பூத்து உதிர்கிற வீட்டில் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள் என்று நாலு பேர் நினைத்தால் யாருக்குக் கேவலம்? அவளுக்கா, தம்பிக்கா? இரண்டு பேருக்கும்தான் என்பது அவள் கணக்கு.

கடல்காற்று மூட்டுவலிக்கு நல்லது என்று சொல்லித்தான் தம்பி அவளை இங்கே கொண்டுவந்து விட்டான். அதை அவள் நம்பவில்லை. தம்பி மனைவிக்குத் தன்னைக் கண்டால் ஆகாது, பாவம் அவன் என்ன செய்வான் என்று தானே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் வந்துவிட்டாள்.

உண்மையான காரணம் வேறு. கடலோரத்தில் இனி யாரும் புதிதாகக் கட்டக் கூடாது, மணல்மேட்டைத் தொடக் கூடாது என்று சட்டம் வந்திருந்தது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. கொஞ்ச தூரம் தள்ளி, அறையிலிருந்தே கடல் தெரிய வேண்டும் என்று ஒரு ஓட்டலுக்காக மேட்டை வழித்தெடுத்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் கடல் அந்த வழியாகவே உள்ளே வந்து பின்தெருவில் தூங்கிக்கொண்டிருந்தவர்களைக் கொண்டுபோயிற்று. ஓட்டலில் இருந்தவர்கள் மாடியில் நின்று பார்த்தார்கள். ஆனால் தம்பியைக் கேட்டால், நிலம் அப்பா வாங்கியது. யாரோ மேட்டை வழித்ததற்கு, சொந்த நிலத்தில் ஒரு செங்கல் வைக்க நான் ஏன் கைகட்டி நிற்க வேண்டும் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பொருமுவான். அதிலும் நியாயம் உண்டு.

சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. ஆள் குடியிருக்கும் பழைய வீடு என்றால் பழுதுபார்க்கலாம், அந்த உரிமையோடு விற்கவும் செய்யலாம். ஆளில்லாத வீடு இடிந்து விழுந்தால் விழுந்ததுதான். பழுதுபார்க்கிற சாக்கில் மூன்று மாடி எழுப்ப ஒரு ஓட்டல்காரர் தயாராக இருந்தார். வீட்டில் ஒரு ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. நாய் இருந்தால் போதும் என்று சட்டம் சொல்லியிருந்தால் தம்பி நாயைக் கொண்டுவந்து கட்டியிருப்பான்.

விஷயத்தை அக்காவிடம் சொல்லிவிடுங்கள் என்று அவன் மனைவி தலைபாடாக அடித்துக்கொண்டாள். அவன்தான் கேட்கவில்லை. விற்கப்போவது தெரிந்தால் அக்கா தன் பங்கைக் கேட்பாள், அப்பா சொத்தில் அவளுக்கும் பாதி என்று பயந்தான்.

மேட்டில் ஏறி வந்தவர்களில் ஒருவர் கடற்கரை அதிகாரி. இன்னொருவன் பெயிண்ட் டப்பா தூக்கி வந்த உதவியாளன். அதிகாரி நேராக அடுப்படிக்குப் போய்ப் புறங்கையை அடுப்பின் மேல் வைத்துப் பார்த்தார். அது அவருடைய வழக்கம். காலி வீட்டில் நாலு தட்டுமுட்டுச் சாமான்களைப் பரப்பிக் குடியிருப்பதாக நடிக்கிறவர்களை அவர் நிறையப் பார்த்திருந்தார். அவர்கள் வீட்டு அடுப்பெல்லாம் சில்லென்று இருக்கும். இந்த அடுப்பு சுட்டது. கட்டிலுக்கு அடியிலிருந்து வெந்த பருப்பின் வாசனை வந்தது. குடியிருந்துகொண்டே இல்லை என்று காட்டுகிறவரை அவர் இப்போதுதான் பார்க்கிறார்.

"இங்கதான் இருக்கீங்களாம்மா?"

"நானா? இங்கயா?" அக்கா சிரித்தாள். "தம்பி வீடு டவுன்ல இருக்கு. மாடியில எனக்குன்னு தனி ரூம். இப்பத்தான் வந்தேன், ஒரு டீ போட்டுக் குடிச்சேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. நீங்க சொல்றதைத்தான் நான் எழுதணும்."

மனிதர் அவளுக்கு ஒரு வழி விட்டுப் பார்த்தார். அவளுக்கோ அது தம்பியின் மேல் சந்தேகப்படுவதாகப் பட்டது. சுருக்கென்றது.

"எழுதிக்குங்க. என் தம்பி என்னை இந்தப் பாழும் வீட்டுல விட்டுவைக்கிற ஆள் இல்ல."

அதிகாரி பெருமூச்சு விட்டார். அப்படியானால் நல்லதுதான், வரும் மழைக்காலத்தில் இங்கே யாரும் இருக்கக் கூடாது என்றார். உதவியாளன் சுவரில், ஆளில்லாத வீடு என்பதற்கு அடையாளமாக, சிவப்பாக ஒரு பெருக்கல் குறி போட்டான். அவர்கள் தலை மறைகிற வரைக்கும் அக்கா கைப்பையை இறக்கவில்லை. அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு ருசித்தது.

அதிகாரி எழுதியது தெரிந்து அந்த வாரமே தம்பி லாரியோடு வந்தான். கூட நாலு ஆட்கள். சிவப்புக் குறிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தான்.

"அந்த அதிகாரிகிட்ட என்னக்கா சொன்ன?"

"உன் மானத்தைக் காப்பாத்தினேன்டா."

அவன் கட்டிலில் உட்கார்ந்து சிரித்தான். சிரித்து முடித்தபின் எல்லாவற்றையும் சொன்னான். சட்டம், ஓட்டல்காரர், அவர் பேசியிருந்த விலை, அவர் இன்று காலை போனை எடுக்காதது. அக்கா கேட்டுக்கொண்டே விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா பங்கு கேப்ப."

"கேட்டிருக்க மாட்டேன்டா."

கேட்டிருக்க மாட்டாள் என்பது அவனுக்கு அந்த நிமிடம் தெரிந்துவிட்டது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. வெளியே பார்த்து, ஆரம்பிங்கப்பா என்றான்.

கட்டக் கூடாது என்றுதான் சட்டம், கழற்றக் கூடாது என்று இல்லை. ஜன்னல்கள் போயின. கடல் பக்கத்துக் கூரையில் ஓடுகளை அடுக்கடுக்காக இறக்கினார்கள். வாசற்கதவு தேக்கு, அதை வாங்க ஆள் காத்திருந்தான். துருப்பிடித்த கீலை உடைக்கும்போது அக்கா தன் துணிகளை மடித்து ஒரு பையில் வைத்து, செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றாள். டவுனுக்குத்தான் போகிறோம் என்று நினைத்தாள்.

தம்பி அவள் காலைப் பார்த்தான். செருப்பைப் பார்த்தான்.

"உன் ரூமை வாடகைக்கு விட்டாச்சுக்கா. ஒரு வாரம் பொறு. ஏதாச்சும் பண்றேன்."

அவள் இருந்த அறைக்கு மேல் ஓடுகளை விட்டுவைக்கச் சொல்லியிருந்தான். அதைப் பெரிய மனதாகச் சொல்லிக்காட்டிவிட்டு லாரியில் ஏறினான்.

ஒரு வாரம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. கதவு இருந்த இடத்தில் அக்கா ஒரு விரிப்பை மாட்டியிருந்தாள், ஆணிக்கு ஆணி சுருக்கமில்லாமல். வெயில் சாயும்போது நடக்க வந்த ஒரு கணவனும் மனைவியும் வீட்டெதிரே நின்றார்கள்.

"யாராச்சும் இருக்காங்களா உள்ள?" என்று அந்தப் பெண் குரல் கொடுத்தாள்.

விரிப்புக்குப் பின்னால் அக்கா கைப்பையோடு நின்றிருந்தாள். காற்று விரிப்பை உள்ளே தள்ளி அவள் முகத்தோடு ஒட்டியது. நெற்றி, மூக்கு, வாய் எல்லாம் வெளியே இருந்தவர்களுக்கு அச்சாகத் தெரிந்தன. அவள் அசையவில்லை.