வேரா மாத்திரையைக் கடல்ல எறியலை

என் பேரு ஜான்சி. கடலூர் மஞ்சக்குப்பத்துல இருக்கேன், ஒரு தனியார் ஸ்கூல்ல கம்ப்யூட்டர் டீச்சர். கோவம் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி, அதை முதல்லயே சொல்லிடுறேன். இந்தக் கதையில நான் ரெண்டு தடவை கத்துவேன். ரெண்டு தடவையும் நியாயம் என் பக்கம்தான்.

வெளிநாட்டுக் கம்பெனி ஒண்ணு ‘உப்புக் கோபுரம்’னு ஒரு கேம் விட்டுச்சு. அதுல ஒரு கலங்கரை விளக்கம், அங்க விளக்கு ஏத்துற வேலையில வேரான்னு ஒரு பொம்பளை. மொத்த கேம்லயும் அவ வர்றது பத்து நிமிஷம். வருவா, கெக்கெக்கேன்னு சிரிப்பா, விளக்கை உடைப்பா, காணாமப் போயிடுவா. ஏன்டா உடைச்சான்னு கேட்டா, அவளுக்குப் பைத்தியமாம். அவ்ளோதான், கதை முடிஞ்சுது. அதைப் பாத்து வயிறு எரிஞ்ச மூணு பேரு சேந்து, வேராவுக்குன்னு தமிழ்ல தனியா ஒரு கேம் பண்ண உக்காந்தோம். ரசிகருங்க ஆசைக்குப் பண்றது, யாரு வேணா இலவசமா எறக்கி ஆடிக்கலாம்.

மூணு பேருல கதிர்வேலுக்குச் சிதம்பரத்துல கீழ வீதிப் பக்கம் மொபைல் சர்வீஸ் கடை. கோடிங் முழுக்க அவன். இசைவாணி புவனகிரிக்காரி, எங்களை விடச் சின்னவ, வீட்டு பிளான் வரையிறவ. கேம்ல படமெல்லாம் அவ கை. கதையும் வசனமும் நான். ஞாயித்துக்கிழமை காலைப் பூசை முடிஞ்சதும் சிதம்பரம் பஸ் ஏறிடுவேன். கடை ஷட்டரைப் பாதி இறக்கி வெச்சிட்டு மூணு பேரும் சண்டை போடுவோம். “இது என்னாடி வசனம், சீரியல் மாமியார் பேசுற மாரி இருக்கு”ன்னு கத்துவான் கதிர்வேல். நானும் விடமாட்டேன். வாரத்துல ஆறு நாளு “மிஸ், மிஸ்”னு பவ்யமாக் கேட்டுப் புளிச்சுப் போன காதுக்கு அந்தத் திட்டு ரொம்பப் புடிக்கும்.

அவுங்களுக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு இருந்துச்சு. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு உடம்பு முடியாமப் போச்சு. உடம்புன்னு சொல்றது பழக்கதோஷம், மனசுதான். பைபோலார்னு டாக்டர் பேரு வெச்சாரு. ஒரு மாசம் றெக்கை மொளைச்ச மாரி பறப்பேன், அடுத்த ரெண்டு மாசம் பாயை விட்டு எழுந்திருக்க மாட்டேன். மாத்திரை ஆரம்பிச்ச அப்புறம்தான் தரையில கால் நின்னுச்சு. இது எங்கம்மா ரோசிக்கும் எனக்கும் மட்டும் தெரியும். “வெளியில மூச்சு விட்டுடாதடி, நாளைக்கு உன்னை எவன் கட்டுவான்”னு அம்மா மாதாகோயில் வாசல்லயே சத்தியம் வாங்கி வெச்சிருந்தாங்க.

இப்ப நான் பண்ண தப்பைச் சொல்றேன்.

வேராவும் எங்க கதையில மாத்திரை சாப்புடுறவதான். கடைசிக் காட்சியில அவ கோபுரத்து உச்சிக்குப் போயி, மாத்திரை அட்டையைக் கிழிச்சுக் கடல்ல எறிவா. அணைஞ்சு கெடந்த விளக்கு தானா எரியும். “இன்னிக்குத்தான் நான் நானா இருக்கேன்”னு சொல்லுவா. அந்தக் காட்சி கதிர்வேல் யோசனை, ஆனா வசனம் நான் எழுதுனது. யாரும் என் கையைப் புடிச்சு எழுத வெக்கல. எழுதும்போது அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு, அதையும் மறைக்க விரும்பல.

சோதனைக்குன்னு விட்டோம். அறுநூறு பேரு ஆடுனாங்க. அந்த வசனத்தைப் பாதிப் பேரு ஸ்டேட்டஸ்ல வெச்சாங்க. நான் ஒவ்வொரு ஸ்டேட்டஸா பாத்தேன். இவ்ளோ பேரு சொல்றாங்களே, நெசமாத்தான் இருக்குமோன்னு தோணுச்சு. திங்கக்கிழமை காலையில மாத்திரையைக் கையில எடுத்தேன். எடுத்து, திரும்ப டப்பாவுலயே போட்டுட்டேன். நானே எழுதுன பொய்யை நானே நம்புனேன், எந்தச் செவுத்துல போயி முட்டிக்கிறது சொல்லுங்க.

பன்னெண்டு நாள். முதல் வாரம் சொர்க்கம். வீட்டுல இருந்த திரைச்சீலை எல்லாத்தையும் தொவைச்சேன், காஞ்சதும் மறுபடியும் தொவைச்சேன். கதிர்வேலுக்கு ஒரே நாள்ல எழுபது மெசேஜ், எல்லாமே புதுக் காட்சி. “செம ஃபார்ம்ல இருக்கடி, விட்டுடாத”ன்னு அவன் பதில் போட்டான். அவனுக்கு என்னா தெரியும், பாவம். ஸ்கூல்ல ஒரு பாடத்தை ஆரம்பிச்சு நாலு பாடத்துக்குத் தாவி, புள்ளைங்க நோட்டை மூடிட்டு என்னையே பாத்துதுங்க.

பன்னெண்டாம் நாள் சோறு போட்டுட்டு அம்மா எதிர்ல உக்காந்தாங்க. “மாத்திரை போடுறியா?”ன்னு கேட்டாங்க. போடுறேன்னு சொல்லிச் சிரிச்சேன். “இந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்டி”ன்னாங்க. ஆட்டோ புடிச்சு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனாங்க. ஸ்கூலுக்கு வைரஸ் காய்ச்சல்னு லீவு சொல்லி மூணு வாரம் வீட்டுல கெடந்தேன். தரைக்கு வந்து சேர அவ்ளோ நாளாச்சு.

தலை தெளிஞ்சதும் முதல்ல வந்த நெனைப்பு அந்தக் காட்சிதான். எழுதுன எனக்கே இப்புடின்னா, ஆடுன அறுநூறு பேருல எத்தனை பேரு வீட்டுல மாத்திரை டப்பா இருக்கோ! அடுத்த மாசம் முழு கேமும் வெளிய வரப் போவுது, அப்ப அறுநூறு ஆறாயிரம் ஆவும். அந்த முடிவு வெளிய போகக் கூடாது. உசுரே போனாலும் போகக் கூடாதுன்னு முடிவு பண்ணேன்.

கதிர்வேலுக்குப் போன் போட்டுக் காட்சியை மாத்தணும்னேன்.

“உனக்கு என்னாடி ஆச்சு? ஜனங்க அழுவுதுங்க அந்தச் சீனைப் பாத்து. அதை எடுத்துட்டா கேம்ல என்னா இருக்கு?”

“மாத்திரையை நிறுத்துனா யாரும் விடுதலை ஆவ மாட்டாங்கடா. வேரா மறுவாரமே விளக்கை உடைப்பா. கம்பெனிக்காரன் எழுதுன இடத்துக்கே நாமளும் கொண்டாந்து விட்டுருக்கோம்.”

“கதைதானே ஜான்சி. கதையில எதுவும் நடக்கும்.”

அரை மணி நேரம் பேசியும் அசையல. காரணத்தைச் சொல்லாம காரியம் ஆவாதுன்னு புரிஞ்சுது. ஆனா சொல்லிட்டா அந்தக் கடையில என் இடம் போயிடும்னு பயம். என்னை நோயாளியாப் பாக்காத இடம் உலகத்துலயே அது ஒண்ணுதான். சனிக்கிழமை முழுக்க யோசிச்சேன். ஞாயித்துக்கிழமை செருப்பு மாட்டும்போது அம்மா வாசல்ல வந்து நின்னாங்க. “சொல்லாதடி, கெஞ்சிக் கேக்குறேன்”னாங்க. “மன்னிச்சுக்கம்மா”ன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டேன். பஸ்ல ஆலப்பாக்கம் தாண்டுற வரைக்கும் கண்ணைத் தொடைச்சிட்டே போனேன்.

கடையில ஒரே மூச்சுல சொல்லி முடிச்சேன். நோவு பேரு, மாத்திரை, பன்னெண்டு நாள், எல்லாம். இசைவாணி என் கையைப் புடிச்சிக்கிட்டா. கதிர்வேல் கையில இருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழ வெச்சான்.

“சரி ஜான்சி. நீ சொல்ற மாரியே மாத்திடலாம். நீ டென்ஷன் ஆவாத. ஜூஸ் குடிக்கிறியா?”

ஜெயிச்சுட்டேன்னு நெனைச்சு வீட்டுக்கு வந்தேன்.

ரெண்டு நாள்ல புது முடிவு எழுதி அனுப்புனேன். வேரா மாத்திரையைப் போட்டுக்குறா. ஒரு டாக்டர் வந்து மூணு நிமிஷம் அறிவுரை சொல்றாரு. சூரியன் உதிக்குது. எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்துச்சு. கதிர்வேல் கிழிகிழின்னு கிழிப்பான், அப்புறம் திருத்திக்கலாம்னு இருந்தேன். “சூப்பர் ஜான்சி”ன்னு பதில் வந்துச்சு, பக்கத்துல ஒரு கட்டைவிரல்.

எனக்குச் சந்தேகம் தட்டுச்சு. சரி, ஆழம் பாப்போம்னு வேணும்னே இன்னொண்ணு அனுப்புனேன். அதுல வேரா மேல ஏறி, அந்த மாசத்துக்கான கடல் ஏத்த எறக்க அட்டவணையை முதல் தேதியிலேருந்து கடைசித் தேதி வரைக்கும் வாசிப்பா. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

“ரொம்ப நல்லா இருக்கு. ரெஸ்ட் எடு.”

அடப்பாவி! அடுத்த ஞாயிறு பூசைக்குக்கூட நிக்கல. ஷட்டர்ல குனிஞ்சு உள்ள போனதுமே ஆரம்பிச்சேன்.

“ஏன்டா, நான் என்னா கண்ணாடி டம்ளரா?”

“ஜான்சி, உக்காரு, கத்தாத…”

“கத்துவேன்! கடல் அட்டவணை நல்லா இருக்கா உனக்கு? எந்த வரிடா நல்லா இருந்துச்சு? பதினாறாம் தேதியா, பதினேழாம் தேதியா?”

இசைவாணி வாயைப் பொத்திக்கிட்டுத் திரும்பிக்கிட்டா, சிரிப்பு அடங்கல அவளுக்கு. கதிர்வேல் சிரிக்கல. மொகம் வெளிறிப் போச்சு.

“என்னா பண்ணச் சொல்ற? எழுபது மெசேஜ் போட்ட, நான் செம ஃபார்ம்னு ஏத்தி விட்டேன். எரியிற நெருப்புல எண்ணெய ஊத்துனவன் நான்தான். இப்ப உன் சீனு நல்லால்லன்னு சொல்லி, உனக்கு மறுபடியும் எதுனா ஆச்சுன்னா? ரோசி ஆன்டி மூஞ்சியில எப்புடி முழிப்பேன்?”

எனக்குக் கோவம் பாதி எறங்கிருச்சு. மீதிப் பாதியை வெச்சிட்டுத்தான் பேசுனேன்.

“தோ பாரு. உன் வாயால எனக்கு இந்த நோவு வரல, உன் வாயால போகவும் போகாது. மாத்திரையை நிறுத்துனது நான். ராத்திரி தூங்காம மெசேஜ் போட்டா இனிமே ‘தூங்குனியாடி’ன்னு கேளு, அது போதும். அதுக்காக என் எழுத்தைத் தட்டிக் கொடுக்காத. வேராவைப் பைத்தியம்னு ஒதுக்கி விட்டான் கம்பெனிக்காரன். நீ என்னைப் பாவம்னு ஒதுக்கி விடுற. ரெண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியல. இப்பச் சொல்லு. அந்த டாக்டர் சீனு எப்புடி?”

கதிர்வேல் இசைவாணியைப் பாத்தான். அவ, சொல்லித் தொலைங்கண்ணான்னு தலையை ஆட்டுனா.

“மொக்கை”ன்னான், காத்துல போற மாரி.

“கேக்கல.”

“படு மொக்கைடி! டாக்டர் பேசுறது சினிமா போடுறதுக்கு முன்னாடி வர்ற விளம்பரம் மாரி இருக்கு. வேரா எங்க அதுல? ரெண்டு மணி நேரம் எல்லாரையும் எதிர்த்துப் பேசுனவ கடைசியில வாயில வெரல வெச்சா கடிக்கத் தெரியாதவ மாரி உக்காந்திருக்கா. அவ வேரா இல்ல, யாரோ!”

ஸ்டூல்ல உக்காந்துட்டேன். கண்ணுல தண்ணி கொட்டுது, வாய் சிரிக்குது. அவன் பயந்து எழுந்தான். “நிறுத்தாதடா, இன்னும் திட்டு”ன்னேன்.

இசைவாணிதான் சரியான கேள்வியைக் கேட்டா. “அக்கா, மாத்திரை போட்டா எப்புடி இருக்கும்?”

அஞ்சு வருஷத்துல டாக்டரைத் தவிர ஒருத்தரும் கேக்காத கேள்வி. தாகமா இருக்கும்னேன். கை லேசா நடுங்கும், போர்டுல கோடு நேரா வராது. ஒடம்பு பெருத்துடும். மூணு மாசத்துக்கு ஒருதரம் டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்கணும். சில நாளு எல்லாமே எங்கயோ தூரத்துல நடக்குற மாரி இருக்கும். “எனக்கு அது புடிக்கவே புடிக்காது. புடிக்காமலேதான் போடுறேன். அந்தப் பறக்குற நாளை நெனைச்சா இப்பவும் ஏக்கமா இருக்கு. ஆனா வேலைக்குப் போகணும், அம்மா நிம்மதியாத் தூங்கணும். அதனால போடுறேன்.”

“இதைத்தான் எழுதணும், டாக்டரு என்னாத்துக்கு?”ன்னு கத்துனான் கதிர்வேல்.

அப்புறம் மூணு ஞாயிறு. நாலு தடவை எழுதுனேன், நாலையும் தூக்கிப் போட்டான். அஞ்சாவதுல நின்னுச்சு. வேரா முணுமுணுன்னு திட்டிக்கிட்டே மாத்திரையைப் போட்டுக்குறா. சொம்புத் தண்ணியைக் காலி பண்றா. படி ஏறும்போது ரேடியோவுல மேலதிகாரி, “இன்னிக்கு விளக்கு ஏத்த உன்னால முடியுமா, வேற ஆள் அனுப்பவா”ன்னு கேக்குறான். “என் ஷிப்ட்டு, நான் ஏத்துறேன். நீ வெய்யி”ன்னு சொல்லிடுறா. ஆடுறவங்க இப்ப திரியைப் பத்த வெக்கணும், ஆனா வேரா கை நடுங்கும், குறி தப்பும். அந்த நடுக்கம் நிக்குற மாரி கோடிங்ல வழியே வெக்கல கதிர்வேல். நடுங்குற கையாலயே மறுபடியும் மறுபடியும் வெச்சாத்தான் பத்திக்கும். தூரத்துல ஒரு படகு கரைப் பக்கம் திரும்பும். சூரியனெல்லாம் உதிக்காது.

முதல் பக்கத்துல ஒரு குறிப்பும் போட்டோம்: இது ரசிகர் கதை, மனநோய் பத்தி வருது, மாத்திரையைக் கூட்டுறது குறைக்குறது எதுவா இருந்தாலும் உங்க டாக்டர்கிட்டக் கேட்டுச் செய்யுங்க.

சொன்ன தேதியில வெளியிட்டோம். சாயங்காலத்துக்குள்ள திட்டு வந்து குவிஞ்சுது. பழைய முடிவு எங்கன்னு கேட்டாங்க. கண்ணீர் வந்த சீனைக் கெடுத்துட்டீங்களேன்னு ஒருத்தரு. ‘எழுதுனவருக்கு மனநோயைப் பத்தி என்னா தெரியும்?’னு இன்னொருத்தரு.

அதைப் படிச்சதும் கதிர்வேல் கீபோர்டை இழுத்தான். “உன் பேரு வராம நான் பதில் சொல்லிக்கிறேன்”னான். வேணாம்னேன். கடைக்கு வெளிய போயி அம்மாவுக்குப் போன் போட்டேன். என்னா பண்ணப் போறேன்னு சொன்னேன். அம்மா, “ஊரு எப்புடியும் பேசும். நம்ம வாயால முதல்ல கேக்கட்டும்”னாங்க. அழுதாங்க, ஆனா போனை வெக்கல. நானும் வெக்கல.

உள்ள வந்து பதில் எழுதுனேன். பதினோரு வரி. பட்ட கஷ்டம், சமுதாயம், பரிவு, எல்லாம் வந்துச்சு. கதிர்வேல் தோளுக்குப் பின்னாடி நின்னு படிச்சான்.

“முதல் ஒன்பது வரி இழுவைடி. வெட்டு.”

“என் வாழ்க்கைடா அது!”

“இருக்கட்டும். இழுவைதான். வெட்டு.”

முறைச்சுக்கிட்டே வெட்டுனேன். ரெண்டு வரி மிஞ்சுச்சு: ‘பழைய முடிவையும் எழுதுனது நான்தான், அதை நம்பி மாத்திரையை நிறுத்திப் படுத்ததும் நான்தான். புது முடிவு நெசம், மாத்த மாட்டோம் — ஜான்சி, கடலூர்.’

“இப்பச் சரி, அனுப்பு”ன்னான். அனுப்புனேன்.