மூன்று சுற்றுக் கயிறு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜை கப்சிப் என்று ஆகிவிட்டது. கண்ணாடிக்கடையில் வேலை பார்க்கும் தம்பி சொன்ன ஒரே வார்த்தைதான் காரணம்: "வழுக்கிருச்சு."

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாயாலேயே ஆடும் கதை விளையாட்டில் அவன்தான் கதைசொல்லி. மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாகி, அவன் சொல்லும் அரண்மனைக்குள்ளும் குகைக்குள்ளும் புகுந்து புறப்படுவார்கள். போன மாதம்வரை முந்நூறு பக்க விதிப்புத்தகம் இருந்தது. ஒரு சண்டை போட ஒன்பது இடத்தில் புரட்ட வேண்டும். "இந்தத் தலைவலியே வேணாம், நான் பார்த்துக்கறேன்" என்று அதைப் பரணில் தூக்கிப் போட்டவனும் இவனேதான். இப்போது இருப்பது ஒரே விதி. சந்தேகம் வந்தால் பகடை; நாலோ அதற்கு மேலோ விழுந்தால் ஆள் பிழைத்தான். ஆனால் சந்தேகம் இருக்கிறதா இல்லையா என்பதில் கதைசொல்லி வைத்ததுதான் சட்டம்.

கதையில் இப்போது கிணற்றுக்குள் கயிற்றில் தொங்குவது மச்சானின் பாத்திரமான திருடன். மூன்று வருஷமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த ஆள். விழுந்தால் செத்தான், ஆட்டத்தில் இனி அவன் கிடையாது.

"கயித்தை மேல தூண்ல மூணு சுத்து சுத்தித்தானே இறங்கறேன் மாப்ளே. எப்படி வழுக்கும்?" மச்சான் லிஃப்ட் மெக்கானிக். "மூணு சுத்து இருந்தா தூணே கயித்தை இறுக்கிப் புடிச்சுக்கும்; மறுமுனையை ரெண்டு விரல்ல புடிச்சே ஒரு ஆளை இறக்கலாம். வேலையில எத்தனை தடவை பார்த்திருக்கேன்."

"இது உங்க லிஃப்ட் இல்ல மச்சான். கதை."

"அப்ப போன வாரம் நான் மாடியிலேருந்து குதிச்சேனே? பகடைகூடப் போடாம பிழைக்க வெச்சியே?" என்றாள் அக்கா. எதைக் கேட்கக் கூடாதோ அது சரியான நேரத்தில் அக்காக்களுக்கு ஞாபகம் வந்துவிடும்.

நான்காவது ஆட்டக்காரரான பக்கத்து வீட்டுப் பல் டாக்டர், ஊரார் வாயையெல்லாம் திறக்க வைப்பவர், தன் வாயில் ஒரு முறுக்கைப் போட்டுக்கொண்டார்.

தம்பிக்குக் காது சுட்டது. கயிறு தாங்கும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் சற்று முன் சாப்பிடும்போது, இதே டாக்டர் முன்னால், டிரைவிங் டெஸ்டில் அவன் மூன்றாம் முறை கோட்டை விட்டதைச் சொல்லி மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த ஆத்திரம்தான் கயிற்றை வழுக்க வைத்தது. நினைக்கவே வெட்கமாக இருந்தது.

"சரி மச்சான். தாங்கும்னே வெச்சுக்கலாம்."

"வேணாம். கொல்லவும் நீ, பாவம் பார்க்கவும் நீயா? பகடையைக் குடு."

"அதான் தாங்கும்னு சொல்லிட்டேனே! சின்ன நம்பர் விழுந்தா வீணா செத்துருவான்."

"குடுடா."

மச்சான் உள்ளங்கைக்குள் வெகுநேரம் குலுக்கினார். பகடை உருண்டோடி, டம்ளரில் இடித்து நின்றது.

மூன்று.

"அய்யோ!" என்றாள் அக்கா. மச்சான் திருடனின் விவரமெல்லாம் எழுதிவைத்த தாளை எடுத்து, பெயர்மேல் ஒரு கோடு போட்டு, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். முகம் சுண்டித்தான் போயிருந்தது. தம்பியைப் பார்த்தபோது குரலில் மட்டும் சூடில்லை.

"பரவால்ல மாப்ளே. பகடைக்கு என்மேல கோபம் ஒண்ணும் இல்ல."