சிவப்புக் கண்ணாடியை விலக்கியபோது

என் ஸ்டூடியோ இருட்டறைக்குள் யாரையும் விடமாட்டேன். என் கடையில் இருந்த ஒரே சட்டம் அதுதான். அதையும் சுந்தரம்மாள் அக்கா உடைத்தாள்.

மகள் கோமதித்தாயின் படம் சிவகிரி மாப்பிள்ளை வீட்டுக்குப் போகவேண்டும். தரகர் மூக்காண்டி பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று வாசலில் குதித்துக்கொண்டிருந்தார். வந்த வரனெல்லாம் தட்டிப்போய், இதுவும் போய்விட்டால் என்ன செய்வதென்று அக்கா கலங்கிப்போயிருந்தாள். எனக்கோ, ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் படம் போடும் பேப்பரெல்லாம் தீர்ந்து ஒரே ஒரு தாள்தான் மிச்சம்.

"போன படத்துல சடைய வெட்டிட்டீயல்லா தம்பி! இந்தத் தடவ நான் பக்கத்துல நின்னு பாக்கணும்."

வந்து தொலையட்டும் என்று விட்டேன். படம் பெரிதாக்கும் கருவியில் நெகட்டிவை மாட்டி, கீழே தாளை வைத்து, லென்ஸுக்கு அடியில் சிவப்புக் கண்ணாடியைத் தள்ளிவிட்டு விளக்கைப் போட்டேன். அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் படம் தெரியும், பேப்பரில் பதியாது. தாளை நகர்த்திச் சரியாக வைப்பதற்குத்தான் அந்த ஏற்பாடு.

"எம்மா! என் மவ என்ன இப்படிக் கருத்துக்கெடக்கா? தலையெல்லாம் நரைச்சுப்போச்சே!"

"நெகட்டிவ் அப்படித்தான்க்கா இருக்கும். சடை முழுசா இருக்கா, அத மட்டும் பாருங்க."

இருந்தது. அக்காவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "கருப்பா இருந்தாலும் எவ்வளவு லெச்சணம்!" என்று தாளில் விழுந்த முகத்தை இரண்டு கையாலும் வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்துச் சடசடவென்று நெட்டி முறித்தாள். சிவப்புக் கண்ணாடி இருந்ததால் ஒன்றும் கெடவில்லை. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

பிறகு கண்ணாடியை விலக்கினேன். வெள்ளை வெளிச்சத்தில் படம் இன்னும் தெளிவாகத் துலங்கியதும் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. மறுபடியும் இரண்டு கையையும் உள்ளே நீட்டிவிட்டாள்.

"ஐயோ, கைய எடுங்க!"

எடுத்து என்ன செய்ய? மருந்துத் தண்ணீரில் படம் மெல்ல எழுந்து வந்தது. சடை முழுசாக இருந்தது. கை மறைத்த இடத்தில் வெளிச்சம் படாமல், கன்னம் இரண்டையும் மூடிக்கொண்டு வெள்ளை வெளேரென்று பத்து விரல்.

"என் கையாலயே என் மவளுக்குக் கெடுத்துட்டனே!" என்று அக்கா தரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு வந்த கோபம் அப்படியே அடங்கிப்போயிற்று.

"இருக்கறதக் குடும்வே, பஸ் போயிரும்!" என்று மூக்காண்டி ஈரப் படத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

மறுநாள் புதுப் பேப்பர் வந்தது. வேறு படம் போட்டு வாங்க அக்கா வந்திருந்தபோது மூக்காண்டியும் வந்து சேர்ந்தார்.

"மாப்பிள்ளைக்க அம்மா, இது யாரு கைன்னு கேட்டாவ. பெத்தவ திருஷ்டி கழிச்ச கைன்னு சொன்னேன். 'போட்டோவுக்கே கண்ணு பட்டுரும்னு பயப்படுதாளா? அப்ப பொண்ணு எம்புட்டு அழகா இருப்பா! வெள்ளிக்கிழம பாக்க வாரோம்'னுட்டாவ."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, இந்தப் படத்துலயும் கைய வச்சிரட்டுமா?"